'அன்லிமிடெட்' என்றால் எத்தனை ஜிபி?

போன மாதம் ஒரு சாயங்காலம், ஏழரை மணி இருக்கும், மாமா போன் செய்தார்.

"மாப்ளே, டவர் நாலு கோடும் ஃபுல்லா இருக்கு. மேல 4ஜின்னும் காட்டுது. ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. போனை எங்கயாவது காட்டணுமா?"

போனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, எஸ்எம்எஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கடன் தருகிறோம், மனை தருகிறோம் என்று வரும் குப்பைகளுக்கு நடுவே மதியமே ஒரு செய்தி வந்து கிடந்தது. இன்றைய 1.5 ஜிபி முழுவதும் பயன்படுத்திவிட்டீர்கள், நள்ளிரவு வரை வேகம் 64 கேபிபிஎஸ்.

"அப்போ நெட்டு தீர்ந்துபோச்சுங்கறியா? அன்லிமிடெட்டுன்னுதானே ரீசார்ஜ் கடைக்காரன் சொன்னான்?"

மாமா கேட்டது நியாயமான கேள்வி. கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிட வேண்டும்: அளவு வேறு, வேகம் வேறு.

அளவு என்பது ஜிபி, எம்பி. ஒரு நாளைக்கு அல்லது ஒரு மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு தகவல் உங்கள் இணைப்பு வழியாகப் போய்வரலாம் என்பதற்கான வரம்பு. நீங்கள் பதிவிறக்குவது மட்டுமல்ல, அனுப்புவதும் இந்தக் கணக்கில் சேரும். வேகம் என்பது எம்பிபிஎஸ், கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு எவ்வளவு. நிறுவனங்கள் அளவு முடிந்தவுடன் இணைப்பை வெட்டுவதில்லை, வேகத்தைக் குறைக்கின்றன. இணைப்பு இருக்கிறது, குறைந்த வேகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், ஆகவே 'அன்லிமிடெட்'. மாமாவின் போனில் அந்தச் சாயங்காலம் நடந்தது இதுதான்.

சரி, 64 கேபிபிஎஸ் என்றால் என்ன? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வேகத்தை பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே எந்த வேகத்தைச் சொன்னாலும் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 64ஐ எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கேபி. வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் அனுப்பினால் போய்விடும். பேத்தியின் படம் ஒன்று 200 கேபி இருந்தால் 25 நொடி. 2 எம்பி படம் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல். வீடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடையில் நின்று யுபிஐ செய்கிறீர்கள் என்றால், போய்வர வேண்டிய தகவல் சிறியதுதான், ஆனால் ஆப் திறந்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர் முகத்தைப் பார்க்க முடியாது.

விளையாட்டாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த 64 கேபிபிஎஸ் வேகத்தை ஒரு நொடிகூட வீணாக்காமல் 24 மணி நேரமும் உறிஞ்சினாலும் கிடைப்பது சுமார் 690 எம்பி. 'எல்லையற்றது' என்று எழுதியதற்கு அடியில் இருக்கும் உண்மையான எல்லை அது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் நொடிக்கு 12.5 எம்பி வரும். அந்த வேகத்தில் 1.5 ஜிபி தீர இரண்டே நிமிடம் போதும். வேகம் கூடக் கூட வரம்பு சீக்கிரம் முட்டும். புது போன் வாங்கியதிலிருந்து நெட் போதுவதே இல்லை என்று சொல்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். நல்ல திரை, நல்ல வேகம் என்றதும் யூடியூப்பும் தானாகவே தரத்தை ஏற்றிவிடும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். 1.5 ஜிபி பேக்கில் அரை மணி நேரப் படம்.

வேகத்தைக் குறைப்பது எங்கே நடக்கிறது? உங்கள் போனில் இல்லை, தெருமுனை டவரிலும் இல்லை. நிறுவனத்தின் மைய வலையில் ஒவ்வொரு சிம்முக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் விதி மாறுகிறது: இனி இவருக்கு நொடிக்கு இவ்வளவுதான். அதற்கு மேல் வரும் தகவல் துண்டுகளை வரிசையில் நிறுத்திவைக்கிறார்கள், வரிசையும் நிரம்பினால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போகாத துண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி உங்கள் போன் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வட்டம் சுற்றுவது அப்போதுதான். டவரின் கோடுகள் காட்டுவது சிக்னல் எவ்வளவு தெளிவாக வந்து சேருகிறது என்பதை மட்டும். உங்கள் கணக்கில் என்ன மிச்சம் என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. நான்கு கோடும் நிறைந்திருக்க, நெட் நொண்டுவது அதனால்தான்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை. பேச்சுவழக்கில் எஃப்யூபி. ஒருவர் அளவில்லாமல் இழுத்தால் மற்றவர்களுக்குக் கிடைக்காது, ஆகவே எல்லாருக்கும் நியாயமாக ஒரு வரம்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும் கூட.

தட்டுப்பாடு எதற்கு?

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை மணிப் பந்திக்கு முண்டியடிப்பார்கள், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுத்தவர் நிற்பார். மூன்று மணிக்குப் போனால் வரிசை வரிசையாக நாற்காலி காலி. இணையத்திலும் தட்டுப்பாடு பாயசத்துக்கு இல்லை, நாற்காலிக்கு. டேட்டா என்பது சிலிண்டரில் அடைத்த கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ஒரு டவர் ஒரு நொடியில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு தர முடியும், அவ்வளவுதான் எல்லை. இரவு எட்டரைக்குத் தெருவே கிரிக்கெட் பார்க்கும்போது இடம் போதாது. விடிகாலை நான்கு மணிக்கு அதே டவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் நாற்காலித் தட்டுப்பாட்டுக்கு மருந்து, ஒருவர் நாள் முழுக்க எவ்வளவு சாப்பிட்டார் என்று எண்ணுவதா? காலை நான்கு மணிக்கு 2 ஜிபி இறக்கியவர் யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை, ஆனால் சாயங்காலம் அவருக்கு வேகம் போய்விடும். எட்டரை மணிக்கு எல்லாரோடும் சேர்ந்து நெருக்குபவர் 1.2 ஜிபியில் நிறுத்திக்கொண்டால் அவருக்குத் தடையில்லை. நெரிசலைக் குறைக்க வேண்டும் என்றால் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இது தெரியாதவர்கள் இல்லை நிறுவனங்கள். பிராட்பேண்ட் புதிதாக வந்த காலத்தில் பிஎஸ்என்எல் திட்டங்கள் சிலவற்றில் அதிகாலை 2 முதல் 8 மணி வரை கணக்கே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். எங்கள் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கத்தைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுப்பான். எட்டு மணிக்கு முன் நிறுத்த மறந்த மாதத்தில் வந்த பில்லை வீட்டில் காட்ட முடியாமல் தவித்தது வேறு கதை. வரம்பைத் தாண்டினால் அப்போது வேகம் குறையாது, எம்பிக்கு இவ்வளவு என்று பணம் ஏறும். அந்த வகையில் பார்த்தால் இப்போதைய வேகக் குறைப்பு எவ்வளவோ மேல் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். பில் அதிர்ச்சி இல்லை.

வரம்பு முழுக்க முழுக்க வலையின் நெருக்கடியால் வந்ததல்ல என்பதற்கு 2020 ஒரு நல்ல சாட்சி. அமெரிக்காவில் வீட்டு இணைப்புகளுக்கு மாத வரம்பு வைத்திருந்த காம்காஸ்ட், ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள், ஊரடங்கு தொடங்கிய மார்ச் மாதத்தில் அந்த வரம்பை நிறுத்தி வைத்தன. ஊரே வீட்டில் உட்கார்ந்து வேலை, வகுப்பு, படம் என்று எல்லாவற்றையும் அந்த இணைப்பிலேயே செய்த நேரம் அது. வலை இடிந்து விழுந்துவிடவில்லை. அதே மார்ச் மாதத்தில் இந்தியாவில் செய்தது வேறு: வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, மொபைலில் 480பிக்கு மேல் தரம் போகாதபடி சில வாரங்களுக்குக் குறைத்துக்கொண்டன. நெரிசலைக் குறைப்பது என்றால் இப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் கொஞ்சம் குறையும், ஒருவருக்கு அடியோடு போகாது.

அப்புறம் வரம்பு எதற்கு என்றால், விலைக்கு. 1.5 ஜிபி, 2 ஜிபி, 3 ஜிபி என்று படி படியாக வைத்தால்தான் மேல் படிக்கு ஆள் ஏறும். அதிலும் 'ஒரு நாளைக்கு' என்று வைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1.5 ஜிபியை 28 நாளால் பெருக்கினால் 42 ஜிபி. அந்த 42ஐ மொத்தமாகக் கையில் கொடுத்தால், பயணத்தன்று நிறையவும் மற்ற நாளில் குறைவாகவும் நம் இஷ்டத்துக்குச் செலவு செய்வோம். நாளுக்கு நாள் பிரித்துக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை மிச்சமான 1 ஜிபி நள்ளிரவோடு பெரும்பாலான பேக்குகளில் காணாமல் போகும், புதன்கிழமை அரை ஜிபிக்குத் தனியாக டாப்-அப் போடுவோம். 28 நாள் என்பதும் அப்படித்தான். மாதத்துக்கு ஒரு ரீசார்ஜ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், வருஷத்துக்குப் பதின்மூன்று. இந்தப் புகார் பெரிதாகி, 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் வைத்தாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. பட்டியலில் கீழே எங்கேயோ இருக்கும், தேடிப் பாருங்கள்.

நட்சத்திரக் குறியின் கதை

வீட்டு ஃபைபர் இணைப்பில் வரம்பே இல்லை என்று நம்புகிறவர்கள் அதிகம். நானும் நம்பினேன். முன்பு குடியிருந்த வீட்டில் உள்ளூர் இணைப்பு ஒன்று வைத்திருந்தேன், 100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட். ஒரு மாதம் இருபதாம் தேதி வாக்கில் இரவோடு இரவாக எல்லாம் மந்தமானது. வாடிக்கையாளர் சேவையில் முதல் நாள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாம் நாள் ஏரியாவில் கேபிள் வேலை என்றார்கள். மூன்றாம் நாள் வந்த லைன்மேன், பாவம் நல்ல மனுஷன், மீட்டர் எதையும் எடுக்காமலே, "அண்ணே, உங்களுக்கு 500 தாண்டியிருக்கும், ஒண்ணாம் தேதி சரியாயிடும்" என்றார். பரணில் கிடந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தேன். அன்லிமிடெட் என்ற சொல்லின் தலையில் எறும்பு அளவு நட்சத்திரம். அடியில் அதைவிடச் சிறிய எழுத்தில்: 500 ஜிபிக்குப் பிறகு 2 எம்பிபிஎஸ். எனக்குக் கோபம் 500 ஜிபி மேல் இல்லை. வாங்கும்போதே சொல்லியிருந்தால் அதற்கேற்ற விலைதான் என்று வாங்கியிருப்பேன். மூன்று நாள் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடவைத்ததுதான் கோபம்.

பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் இந்த எல்லை பரவலாக மாதம் 3,300 ஜிபி என்று இருக்கிறது. நாளுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் அதைத் தொடவே தொடாது, ஆகவே அதை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அது எல்லைதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பை இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடவிட்டால் மூன்று நாளிலேயே முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சொல் நீதிமன்றம் வரை போனது. அன்லிமிடெட் திட்டம் வாங்கியவர்களுக்கு மாதம் 2 ஜிபியைத் தாண்டியதுமே சிலருக்கு வேகத்தைக் குறைத்தது, அதைத் தெளிவாகச் சொல்லவும் இல்லை என்று ஏடி அண்ட் டி மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் 6 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அதைவிட என் மனதில் நிற்பது 2018இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. மெண்டோசினோ காட்டுத்தீ மாநில வரலாற்றிலேயே இல்லாத அளவுக்குப் பரவிக்கொண்டிருந்தது. சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறை, எந்த வண்டி எங்கே நிற்கிறது, ஆட்கள் எங்கே போக வேண்டும் என்று ஒருங்கிணைக்கும் வாகனம் ஒன்றைக் களத்தில் நிறுத்தியிருந்தது. அதன் இணைய இணைப்பு வெரிசான் நிறுவனத்தின் 'அன்லிமிடெட்' திட்டம். மாத வரம்பு முடிந்தது, வேகம் முன்பிருந்ததில் 200இல் ஒரு பங்காகக் குறைந்தது. இது தீயணைக்கும் வண்டி, வேகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, விலை கூடிய திட்டத்துக்கு மாறச் சொல்லிப் பதில் வந்தது. விஷயம் வெளியே வந்த பிறகு, அவசர நேரத்தில் கட்டுப்பாட்டை நீக்குவதே தங்கள் வழக்கம், இது வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்குத் தீயும் ஒன்றுதான், திரைப்படமும் ஒன்றுதான்.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது? 2016 அக்டோபர் கடைசியில் டிராய் போட்ட உத்தரவு முக்கியமானது. பிராட்பேண்ட் விற்கும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வரம்பு எவ்வளவு, வரம்பு வரை வேகம் என்ன, அதற்குப் பிறகு என்ன. வரம்பில் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது தகவல் அனுப்ப வேண்டும். வீட்டு இணைப்பில் வரம்புக்குப் பிறகும் 512 கேபிபிஎஸுக்குக் கீழே வேகத்தை இறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி கம்பிவழி இணைப்புக்கு மட்டும். மொபைலில் அப்படி ஒரு தரை இல்லை, அதனால்தான் 64 வரை இறங்க முடிகிறது. இத்தனைக்கும் 2023 ஜனவரியில் அரசே பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியிருக்கிறது. அதில் முப்பதில் ஒரு பங்குதான் மாமாவுக்கு அன்று சாயங்காலம் கிடைத்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரம்பு முடிந்ததும் உங்கள் மொத்த இணைப்பையும் மெதுவாக்குவது அனுமதிக்கப்பட்டது. ஆனால் குறிப்பிட்ட ஒரு ஆப்பை மட்டும் மெதுவாக்கி, தங்களுக்கு வேண்டியதை மட்டும் வேகமாக ஓடவிடுவது வேறு. அது இணையச் சமநிலை பற்றியது. ஆப்புக்கு ஆப் வேறு விலை வைப்பதை டிராய் 2016 பிப்ரவரியிலேயே தடை செய்தது, 2018 ஜூலையில் வேகப் பாகுபாட்டுக்கும் எதிரான விதிகளை அரசு ஏற்றது.

5ஜி வந்ததும் வரம்பு ஒழிந்தது என்று கொஞ்ச நாள் பேசினார்கள். ஜியோவும் ஏர்டெல்லும் 2022 அக்டோபரில் தொடங்கியபோது தாராளமாகத்தான் கொடுத்தன. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது, அன்லிமிடெட் 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பேக் போட வேண்டும் என்று ஆனது. படிக்கட்டு மறுபடி வந்துவிட்டது.

மாமாவின் போனில்

நெட் மந்தமாக இருந்தால் அது வரம்பா, நெரிசலா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும், மாடிக்குப் போனால் கொஞ்சம் மாறும், விடிகாலையில் பறக்கும். வரம்பு என்றால் மொட்டைமாடிக்குப் போனாலும் அதே 64, எத்தனை மணிக்குப் பார்த்தாலும் அதே 64, நள்ளிரவு பன்னிரண்டைத் தாண்டியதும் பட்டென்று உயிர் வரும். சந்தேகம் தீர வேகச் சோதனை போடலாம், ஆனால் அடிக்கடி வேண்டாம். 300 எம்பிபிஎஸ் வரும் இடத்தில் பத்து நொடிச் சோதனையே 375 எம்பி வரை தின்னும். டேட்டா ஏன் தீர்ந்தது என்று பார்க்கப்போய் டேட்டாவைத் தீர்த்த கதையாகிவிடும்.

மாமா போனை ஞாயிற்றுக்கிழமை நேரில் வாங்கிப் பார்த்தேன். செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்ற இடத்தில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று இருக்கும். யூடியூப்தான் முதலில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, வாட்ஸ்அப். மூன்று குடும்பக் குழு, ஒரு ஓய்வூதியர் சங்கம், இரண்டு கோயில் குழு. காலை வணக்க வீடியோ ஒவ்வொன்றும் அவர் பார்க்கிறாரோ இல்லையோ தானாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கூகுள் போட்டோஸ், அந்த வீடியோக்களையெல்லாம் பத்திரமாக மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரே வணக்கத்துக்கு இரண்டு முறை டேட்டா. வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்தினேன், போட்டோஸையும் ஆப் அப்டேட்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றினேன், யூடியூப்பை 480பியில் வைத்தேன். அந்தச் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது.

பேக்கில் சொன்னதும் கிடைப்பதும் வேறாக இருந்தால் 198க்குப் பேசி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்கு, அதாவது அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. அங்கும் வேலை நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அவர்கள் எடுப்பதில்லை.

ஒரு வாரம் கழித்து மாமாவே கூப்பிட்டார். இப்போதெல்லாம் ராத்திரி வரை 600 எம்பி மிச்சம் நிற்கிறதாம்.

"அது வீணாப் போகுதே மாப்ளே, பன்னெண்டு மணிக்குள்ள என்ன பண்ணலாம்?"